அழுகிற இடத்தில் நிறுத்தக் கூடாது

நேற்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகன் போனில், "இதோ வந்துட்டேம்மா" என்றான். பின்னால் யாரோ அவனிடம் டீயா காபியா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெங்களூரில் அவன் நாற்காலியை விட்டுக்கூட எழுந்திருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். "சரி சாமி, பாத்து வா" என்று நானும் சொல்லி வைத்தேன். முன்பெல்லாம் இந்த வந்துட்டேனை நம்பி அரிசி களைந்து போட்டுவிட்டு, குழம்பைச் சுடவைத்துச் சுடவைத்துக் கடைசியில் நானே தின்று தீர்ப்பேன். இப்போது அவன் தொப்பூர்க் கணவாய் இறங்கிவிட்டேன் என்றால்தான் குக்கரைத் தொடுவது. வயதானால் ஞானம் வரும் என்கிறார்கள். எனக்கு வந்த ஞானம் இவ்வளவுதான்.

ஞானம் என்று எழுதியதும் ஞானம் டீச்சர் வந்து நிற்கிறார். வரட்டும், அவரைப் பற்றித்தான் சொல்ல நினைத்தேன். எதிர்வீட்டு மாடியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இன்னும் அவிழ்க்கவில்லை. பிளாஸ்டிக் நட்சத்திரம், உள்ளே கலர் கலராக மினுக்கும் விளக்கு. அந்த நாளில் மூங்கில் சிம்பை வளைத்துக் கட்டி வண்ணத்தாள் ஒட்டுவோம். மைதாப் பசையில் துத்தம் கலக்க மறந்துவிட்டால் விடிவதற்குள் கரப்பான் ஒரு முனையைத் தின்றுவிடும். எங்கள் பள்ளிக்கூடத்து நட்சத்திரம் பல வருஷம் நாலு முனையோடுதான் தொங்கியது.

பள்ளிக்கூடம் சேலத்தில் இதே சூரமங்கலத்தில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. சர்ச் நடத்திய சின்னப் பள்ளி. கூட்ஸ் வண்டி போகும்போது கணக்கை நிறுத்திவிட்டு, வண்டி போனபின் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். நான் படிப்பு முடித்த கையோடு குமாரபாளையத்திலிருந்து வந்து அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். எங்களுடையது தறிக்காரக் குடும்பம், மாரியம்மனைத் தவிர வேறு சாமி தெரியாது. சேர்ந்த முதல் நாள், "இருங்க, ஐயர் வந்து பார்ப்பாரு" என்று உட்காரவைத்தார்கள். பூணூல் போட்ட ஒருவர் வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை அங்கி போட்ட ஒருவர் மொபெட்டை நிறுத்திவிட்டு வந்து, "என்னம்மா, யாருக்குக் காத்திருக்க?" என்றார். "ஐயருக்குங்க" என்றேன். "நாந்தாம்மா" என்றார். சர்ச்சுப் போதகரை இங்கே ஐயர் என்றுதான் சொல்வார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்.

பக்கத்து வகுப்பு ஞானம் டீச்சருடையது. இரண்டு வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு மூங்கில் தட்டிதான். நான் திட்டினால் அவர் பிள்ளைகள் அடங்கும், அவர் திட்டினால் நானே அடங்குவேன். வீட்டுக்காரர் ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக இருந்து இறந்துபோனவர். ஒரே மகன், ஜெபராஜ். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவனை டீச்சர் ஏதோ கடுமையாகச் சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மறுநாளே பையன் திருச்செங்கோடு போய் ரிக் வண்டியில் ஏறிவிட்டான். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த லாரிகள் வடக்கே போனால் மாசக்கணக்கில் திரும்பாது. நான் வேலைக்குச் சேரும்போதே ஜெபராஜ் போய் வருஷம் ஒன்றுக்குமேல் ஆகியிருந்தது. கடிதம் இல்லை, போன் இல்லை. டீச்சர் ரிக் ஆபீசுக்கு நடையாய் நடந்து கேட்டதில், மத்தியப் பிரதேசத்தில் வேறு வண்டிக்கு மாறிவிட்டான், அதற்குமேல் தெரியாது என்றார்களாம்.

ஆனால் டீச்சருக்கு ஒரு பிடி இருந்தது. என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். "சண்ட போட்டுட்டுப் போனவன் கண்ணு. வாசக் கேட்டுக்கிட்டப் போயி நின்னு 'வாரேன்'னான். கோவத்துல போறவன் 'போறேன்'னுதான சொல்லோணும்? 'வாரேன்'ன்னு சொல்லிட்டுத்தான் போனான்."

நம் பக்கத்தில் யார்தான் போறேன் என்று சொல்லுவார்கள். கடைக்குக் காலை எடுத்துவைத்தாலும் வாரேன்தான். அது நாக்கில் ஊறிப்போன வார்த்தை, அதை எண்ணி நம்பக் கூடாது என்று மற்ற டீச்சர்கள் அவர் இல்லாதபோது பேசிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

வேதபாடம் எடுப்பது ஞானம் டீச்சரின் வேலை. நான் சேர்ந்த வருஷம் டிசம்பர் பிறந்ததும், "எனக்குத் தொண்ட சரியில்ல, இந்த மாசம் நீ எடுத்துரு கண்ணு" என்று என்னிடம் தள்ளிவிட்டார். தொண்டையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு கணீரென்று கேட்கும். அந்த மாதப் பாடத்தில் எது அவரைத் தடுத்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பாடம் எனக்குப் பிடித்த மாதிரி இருந்தது. எங்கள் பள்ளியில் அதற்குப் பேரே 'பொருத்துக' பாடம். கரும்பலகையில் இடது பக்கம் பழைய தீர்க்கதரிசிகள் சொன்னது, வலது பக்கம் சுவிசேஷத்தில் நடந்தது, கோடு போட்டுச் சேர்க்க வேண்டும். பெத்லகேமில் ஒருவர் பிறப்பார் என்று மீகா. எகிப்திலிருந்து மகனை வரவழைத்தேன் என்று ஓசியா. ராஜா கழுதைமேல் வருவார் என்று சகரியா. இந்தப் பக்கம் மத்தேயு ஒவ்வொன்றாக எடுத்து, அன்று சொன்னது இன்று நிறைவேறியது என்று டிக் அடித்துக்கொண்டே போவார். எனக்கு அது ஏதோ பரீட்சைத்தாள் திருத்துகிற மாதிரி இருந்தது, ஒட்டிக்கொண்டேன்.

பிள்ளைகள் சும்மா விடுமா. கழுதையையும் குட்டியையும் கொண்டுவந்து அவற்றின்மேல் உட்காரவைத்தார்கள் என்று வாசித்தால், ஒரே ஆள் எப்படி ரெண்டு கழுதைமேல் உட்காருவார் என்று ஒருத்தி எழுந்தாள். எனக்கு என்ன தெரியும். யோசித்துவிட்டு, "உங்க ஊட்டுல தோட்டந்தொரவு இருக்குதான்னு கேட்டா ரெண்டையும் தனித்தனியாவா எண்ணுவீங்க? அந்தக் காலத்துக் கவி, ஒண்ணையே ரெண்டு தடவ சொல்லியிருக்காரு" என்று அடித்துவிட்டேன். பின்னால் ஐயரிடம் கேட்டபோது, எபிரேயக் கவிதை அப்படித்தான், படித்தவர்களே அதைத்தான் சொல்கிறார்கள் என்றார். ஒரு வாரம் எனக்குத் தலை கால் புரியவில்லை.

இன்னொரு நாள் ஏசாயா. நமக்கொரு பிள்ளை பிறந்தது என்று அவர் எழுதியபோது இயேசு பிறந்திருக்கவில்லையே, பிறக்கும் என்றுதானே எழுதியிருக்க வேண்டும் என்று கேள்வி. நான் முழித்துக்கொண்டிருக்கும்போதே லாரி டிரைவர் மகன் ஒருவன் பதில் சொன்னான். "எங்கப்பா பூனாவுலருந்து போன் போட்டு 'வந்துட்டேன்'னு சொல்லுவாருங்க டீச்சர். அப்பறம் ரொம்ப நாளு கழிச்சுத்தான் வருவாரு. ஆனா வந்துருவாருங்க." வகுப்பே அதை ஒத்துக்கொண்டது. சாலேமின் ராஜா என்று ஒரு பெயர் வந்த அன்று, "நம்ம சேலத்து ராசாங்களா டீச்சர், கோட்டையில இருந்தாருங்களா?" என்று கேட்டார்கள். "இருந்திருப்பாரு" என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கம் ஞானம் டீச்சர் சிரித்தது கேட்டது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

அதற்கடுத்த வகுப்பு ஏரோது. பெத்லகேமில் ஒரு ராஜா பிறந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அந்த ஊரில் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் பிள்ளைகளை எல்லாம் ஏரோது கொன்றுபோட்ட கதை. அந்த இடத்தில் மத்தேயு, எரேமியா சொன்னது நிறைவேறியது என்று ஒரு கோடு போடுகிறார். ராமாவிலே அழுகைச் சத்தம் கேட்கிறது, ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், பிள்ளைகள் இல்லை என்பதால் யார் தேற்றினாலும் தேறமாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான். பாடத்திட்டத்தில் அத்தோடு மூட வேண்டும்.

எனக்கு மூட வரவில்லை. காரணம் பக்தியும் இல்லை, படிப்பும் இல்லை, வீட்டுப் பழக்கம். குமாரபாளையத்தில் எங்கள் தெருக் கோயிலில் புரட்டாசி மாதம் அப்பா கதை படிப்பார். தறி நின்ற பிறகு ஜனம் வந்து உட்காரும். பிள்ளையைப் பறிகொடுத்து அழுகிற கட்டத்தில் நேரமாகிவிட்டது என்று அப்பா புத்தகத்தை மூடப் போனால் கூட்டத்திலிருந்து சத்தம் வரும். "அழுவற எடத்துல நிறுத்தக் கூடாதப்பா, தள்ளிப் படி." ஒரு கல்யாணமோ ஒரு வரமோ வருகிறவரை படித்துவிட்டுத்தான் கற்பூரம் காட்டுவது. அழுகையில் நிறுத்தினால் அது கேட்டவர் வீட்டுக்கு வந்துவிடுமாம். பாதிப் பேர் தூங்கிவிட்டிருப்பார்கள், அது வேறு விஷயம்.

அதனால் எரேமியாவைத் தேடி எடுத்து, ராகேல் அழுகிற இடத்தைக் கண்டுபிடித்து, மேலே என்ன இருக்கிறது என்று சத்தமாக வாசித்தேன். அழாதே, கண்ணைத் துடைத்துக்கொள் என்று கடவுள் அவளிடம் சொல்கிறார். நீ பட்ட பாடு வீண்போகாது. பகைவன் தேசத்துக்குப் போன உன் பிள்ளைகள் திரும்புவார்கள், தங்கள் எல்லைக்கே வந்து சேருவார்கள் என்கிறார். "எல்லைன்னா தொப்பூருங்களா டீச்சர்?" என்று டிரைவர் மகன் கேட்டான். தட்டிக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு நின்றுபோயிருந்தது.

ஞானம் டீச்சர் தட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். கையில் சாக்பீஸ் அப்படியே இருந்தது. "கண்ணு, இப்ப வாசிச்சியே, அது எங்க இருக்குது?"

"அதே எடந்தானுங்க டீச்சர். அடுத்த வரி."

என் கையிலிருந்து வாங்கி நின்றபடியே வாசித்தார். "பொறந்ததுலருந்து சர்ச்சுக்குப் போறேன். ஒருத்தரும் இதை வாசிச்சு நான் கேட்டதில்ல" என்றார். கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்லோரும் வாசிப்பது மத்தேயுவை. அவர் நிறுத்திய இடத்தில் ஊரே நிறுத்தியிருக்கிறது. ராகேலின் பிள்ளைகள் செத்துப்போகவில்லை, சிறைபிடித்து வடக்கே கொண்டுபோகப்பட்டவர்கள் என்றும் அன்று டீச்சர்தான் எனக்குச் சொன்னார். வடக்கே என்பதை இரண்டு தடவை சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு மறு ஞாயிறு, ஏரோது கொன்ற குழந்தைகளை நினைக்கிற ஆராதனை. பள்ளிக்கூடத்து ஆட்கள் எல்லோரும் போக வேண்டும், நானும் கடைசிப் பெஞ்சில் இருந்தேன். சபையில் ஒருவர் பாடத்தை வாசித்து, ராகேலின் அழுகையோடு முடித்து, புத்தகத்தை மூடப் போனார். ஞானம் டீச்சர் எழுந்து நின்றார்.

"மேலே வாசிங்க."

"அவ்வளவுதானுங்க டீச்சர் இருக்குது."

"எரேமியாவுல இருக்குது. அதை எடுத்து வாசிங்க." வாசிக்கிற வரைக்கும் டீச்சர் உட்காருவதாக இல்லை. வேறு வழியில்லாமல் அந்த மனுஷர் தேடி எடுத்து வாசித்தார்.

ஆராதனை முடிந்து படிக்கட்டில் ஐயர் அவரை நிறுத்தினார். கோபமில்லை, மனுஷர் வருத்தமாகத்தான் பேசினார். "மத்தேயு தெரியாம நிறுத்தல டீச்சர். எரேமியா சொன்ன பிள்ளைங்க திரும்பி வந்தாங்க, பெத்லகேம் பிள்ளைங்க வரலயே. முன் வரிசையில மேரியம்மா உக்காந்திருக்காங்க. அவங்க பையன் தண்டவாளத்துல போனது உங்களுக்கே தெரியும். அவங்களை வச்சுக்கிட்டு உன் பிள்ளை திரும்பி வருவான்னு நான் எப்படி வாசிக்கச் சொல்றது?"

டீச்சர், "அப்படின்னா எரேமியா சொன்னது பொய்யிங்களா ஐயரே?" என்று கேட்டுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். ஐயர் என்னைப் பார்த்தார். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஒரு வாரேனை வைத்துக்கொண்டிருந்தவருக்கு இன்னொரு வரியையும் எடுத்துக் கொடுத்துவிட்டேனே, பையன் வராமல் போனால் இந்த அம்மா என்ன ஆவார் என்று பயந்தேன். ரிக் வண்டி கவிழ்ந்தது என்று பேப்பரில் எங்கே வந்தாலும் பேர் தேடுவேன். டீச்சர் வருஷா வருஷம் எழுந்து நின்றார். இரண்டாவது வருஷம் சபையில் முணுமுணுத்தார்கள். மூன்றாவது வருஷம் அது வழக்கமாகிவிட்டது, வாசிக்கிறவரே எரேமியாவில் விரலை வைத்துக்கொண்டு டீச்சர் எழுவதற்குக் காத்திருப்பார். இதற்குள் எனக்குக் கல்யாணமாகி, சூரமங்கலத்திலேயே வீடு பார்த்து, மகனும் பிறந்துவிட்டான்.

ஜெபராஜ் ஒரு பங்குனி மத்தியானம் வந்தான். சாப்பாட்டு மணி அடித்துப் பிள்ளைகள் தட்டோடு ஓடிக்கொண்டிருந்த நேரம். கறுத்து, ஒட்டி, தாடியோடு ஒருவன் வராந்தாவில் நின்றான். பின்னால் முக்காடு போட்ட வடக்கத்திப் பெண், அவள் இடுப்பில் மூக்கு ஒழுகிக்கொண்டு ஒரு குழந்தை. "வந்துட்டேம்மா" என்றான்.

"அதான் கண்ணுக்குத் தெரியுதே. செருப்பக் கழட்டிட்டு உள்ள வா" என்றார் டீச்சர். குழந்தையை வாங்கி மூக்கைத் துடைத்து, மருமகளிடம் தன் டிபன்பாக்சைக் கொடுத்துச் சாப்பிடச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, தட்டிக்கு இந்தப் பக்கம் என் வகுப்புக்கு வந்தார். காலி பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. சந்தோஷம் பாதி, தப்பித்தேன் என்பது பாதி.

அந்த டிசம்பரில் எல்லோருக்கும் ஒரே எதிர்பார்ப்பு. இனிமேல் டீச்சர் எழ வேண்டியதில்லையே. ராகேலின் அழுகை வந்தது, வாசித்தவர் நிறுத்தினார். மருமகளும் பேத்தியும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, டீச்சர் பழையபடி எழுந்தார்.

"மேலே வாசிங்க."

ஐயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டீச்சர், உங்க பையன்தான் வந்துட்டானே."

"எல்லாத்துப் பையனுமா வந்துட்டாங்க ஐயரே?"

ஐயரே இறங்கி வந்து புத்தகத்தை வாங்கி வாசித்தார். திரும்பி வருவார்கள் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, அதையே மறுபடி வாசித்தார். முன் வரிசையில் மேரியம்மா தலையைக் குனியாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது நான் மேரியம்மாவிடம் மெல்ல, "உங்களுக்குக் கஷ்டமா இல்லீங்களா?" என்று கேட்டேன். "எம்பையன் வரமாட்டான்னு எனக்குத் தெரியாதா சாமி? வாசிக்கறப்பக் கேக்க நல்லாருக்குது" என்றார்.

என்னமோ போங்க, எல்லாம் ஓய்ந்துவிட்டது. டீச்சர் போய்ச் சேர்ந்தார், மேரியம்மாவும் போனார். ஐயர் மாற்றலாகித் தெற்கே எங்கோ போய்விட்டார். பள்ளிக்கூடத்தை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள், என் வகுப்பு இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். வாரேன் என்று சொல்கிற பிள்ளைகளும் இல்லை. என் மகன் கிளம்பும்போது "ஓகேம்மா, பை" என்பான். அவன் எங்கே வருகிறான் என்று பார்த்துக்கொள்ள போனில் ஒரு புள்ளி போட்டுக் கொடுத்திருக்கிறான். நேற்று ராத்திரி முழுக்க அந்தப் புள்ளி பெங்களூரிலேயே இருந்தது. ஆபீசில் வேலை வந்துவிட்டதாம், அடுத்த வாரம் வருகிறானாம்.

நேற்றுக் காலை நான் சர்ச்சுக்குப் போயிருந்தேன். வேலையை விட்ட பிறகும் கிறிஸ்துமஸுக்கு மறு ஞாயிறு மட்டும் போய்விடுவது, மாரியம்மன் கோபித்துக்கொள்ளவில்லை. சர்ச்சைப் பெரிதாக்கி ஏசி போட்டிருக்கிறார்கள். யாரும் புத்தகம் கொண்டுவருவதில்லை, வசனம் திரையில் வருகிறது. ஒரு இளம்பெண் அழகாக வாசித்தாள். ராகேல் தேறமாட்டேன் என்றாள். திரை மாறி, அடுத்து ஒரு பாட்டு வந்துவிட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்துவிட்டேன். "மேலே வாசிங்க" என்றேன். சத்தம் என் வரிசையைத் தாண்டவில்லை. கிடார் ஆரம்பித்திருந்தது.

பக்கத்திலிருந்த சின்னப் பெண் என் கையைப் பிடித்தது. நல்ல பிள்ளை, பொறுமையாகத்தான் சொன்னது. "ரீடிங் முடிஞ்சிருச்சுங்க ஆன்ட்டி. உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டேன். முட்டி வேறு வலித்தது.